முடியேற்றும் சிலம்பும்: சடங்கினைச் சான்றாகக் கொள்ளும் நெறி

தமிழிலக்கிய ஆராய்ச்சியில் சடங்குகள் நெடுங்காலமாக உரைகாரர்க்கு ஏவலராகவே இருந்து வந்துள்ளன. பாட்டில் விளங்காத இடம் ஒன்று எதிர்ப்படும்போது, மலைநாட்டிலோ ஈழத்திலோ கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றிலோ இன்றும் நிகழும் சடங்கொன்றை அழைத்து வந்து நிறுத்தி, 'பண்டு பாடப்பட்டது இதுவே' என்று கூறி, மீண்டும் அதனை அதன் ஊருக்கு அனுப்பிவிடுவது எம்மனோர் வழக்கம். அங்ஙனம் அழைத்து வரப்பட்ட சடங்கிற்கும் தனக்கென ஒரு வரலாறு உண்டு. அதுவும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. பாட்டு எழுந்த நாளில் அஃது இவ்வடிவில் இருந்தது என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். இம்மூன்றும் எளிதில் மறக்கப்படுகின்றன. கேரள நாட்டு முடியேற்று என்னும் சடங்கினை எடுத்துக்கொண்டு, அதனைச் சிலப்பதிகாரத்தோடு வைத்து நோக்கத்தகும் முறை யாது, தகாத முறை யாது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி இக்காலத்து வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. 2003ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் பாரிசு நகரில் கூடிய யுனெஸ்கோப் பொதுமாநாடு, அருவப் பண்பாட்டு மரபுரிமையைக் காப்பதற்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்திய நாடு 2005ஆம் ஆண்டில் அதன்கண் இணைந்தது; 2006ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. வாய்மொழி மரபு, நிகழ்த்து கலை, சமூக வழக்கங்களும் சடங்குகளும் விழாக்களும், இயற்கையையும் உலகையும் பற்றிய அறிவு, கைவினை என ஐந்து துறைகளை அவ்வுடன்படிக்கை வகுக்கின்றது. அருவம் என்னும் சொல்லை யாம் மனநிறைவோடு ஆள்கின்றேம் அல்லேம். அரிசிமாவும் கரியும் பலாமரத்துண்டும் தீப்பந்தமும் இன்றி நிகழாத ஒன்றினை அருவம் என்பது எங்ஙனம் பொருந்தும்? எனினும், கட்டடமும் சிற்பமும் போல ஓரிடத்து நின்று காணப்படாமல், செய்வார் செய்யும் பொழுதே உளதாகி, செய்து முடிந்ததும் இலதாகும் பொருளைக் குறிக்க வேறு சொல் வழக்கூன்றும்வரை இதனையே கொள்க.

அவ்வுடன்படிக்கையின் வரையறையில் தமிழாய்வாளர் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்றுளது. தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றப்படுவதோடு, அம்மக்கள் தம் சூழலுக்கும் வரலாற்றுக்கும் ஏற்ப இடையறாது புதுக்கி வருவதே மரபுரிமை என்பது அதன் கருத்து. எத்தனை ஆயிரம் ஆண்டு பழமையுடையது என்னும் வினா ஆங்குத் தகுதியாக வைக்கப்படவில்லை. நம் நாட்டிலோ மேடைப் பேச்சுகளிலும் இதழ்க் கட்டுரைகளிலும் ஒரு சடங்கின் மதிப்பைக் கூற விழைவார் முதற்கண் அதன் ஆண்டுக்கணக்கையே எடுத்து மொழிகின்றனர். சங்கப் பாடல் ஒன்றோடு முடிச்சிட்டுவிட்டால் அச்சடங்கு உயர்ந்தது. முடிச்சிட இயலாவிடின் அது வெறும் வழக்கம். இம்மனப்பான்மை சடங்கிற்கும் நன்மை செய்வதன்று. பாட்டிற்கும் நன்மை செய்வதன்று.

இனி முடியேற்றினை நோக்குவோம். கேரளத்தின் நடுப்பகுதியில் சாலக்குடி ஆறு, பெரியாறு, மூவாற்றுப்புழை ஆறு ஆகியவற்றின் கரைகளில் அமைந்த பகவதி காவுகளில் ஆண்டுதோறும் நிகழ்வது இச்சடங்கு. அறுவடை முடிந்த கோடைப்பருவமே இதற்குரிய காலம். மாரார், குறுப்பு என்னும் மரபினருள் குறிப்பிட்ட சில குடும்பத்தார் இதனை நிகழ்த்தும் உரிமையுடையர். காளியும் தாரிகனும் பொருத போரே கதை. முடி என்பது காளி வேடம் புனைவார் தலைமேற் கொள்ளும், பலாமரத்திற் கடைந்த பெரிய தலைக்கோலம். அதனை ஏற்றலால் முடியேற்று ஆயிற்று. இரு சொல்லும் தமிழர்க்கு அயலல்ல. ஆயின் சொல் அயலன்மையால் பொருளும் அறிந்ததே என்று கருதிவிடுதல் கூடாது.

நோன்பிருந்து தூய்மை பெற்ற நிகழ்த்துநர் முதற்கண் கோயில் தளத்தில் களம் எழுதுவர். ஐந்து நிறப் பொடிகளே அதற்குக் கருவி. வெண்மைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சட்பொடி, கருமைக்கு உமிக்கரி, பசுமைக்கு உலர்த்திப் பொடித்த இலை, செம்மைக்கு மஞ்சளொடு சுண்ணாம்பு கலந்த கலவை. தூரிகை இல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பொடியை நழுவவிட்டு, பல கைகளும் படைக்கலங்களும் உடைய காளியின் பேருருவைத் தரையில் எழுதுகின்றனர். எழுதி முடிந்ததும் அதனைச் சூழ விளக்கேற்றிப் பாடித் தெய்வத்தை அதன்கண் வருவிக்கின்றனர். பின்னர் அக்களத்தை அழித்துவிடுகின்றனர். பல நாழிகை உழைத்து எழுதிய உருவம் சிறிது பொழுதில் கலைந்து பொடியாகி, அப்பொடி அடியார்க்குப் பிரசாதமாக வழங்கப்படுகின்றது.

அதன் பின்னரே கூத்து. காளை மீதமர்ந்த சிவபிரானிடம் நாரதர் வந்து தாரிகன் செய்யும் கொடுமைகளை ஓலையிலிருந்து படித்துக் கூறுவர். மானிடரால் வெல்லப்படாத தாரிகனைக் காளியின் கையால் வீழ்த்துவதெனச் சிவன் முடிவு செய்வர். தாரிகனும் தானவேந்திரனும் தோன்றி அறைகூவுவர். காளி வருவள். கோயிம்பட நாயர் என்பானும், நகைச்சுவைக்குரிய கூளி என்பாளும் உடன் வருவர். செண்டையும் இலைத்தாளமும் முழங்க, தீப்பந்தங்களில் வீசப்பட்ட குங்கிலியப் பொடி குபீரெனப் பற்றியெழ, போர் நிகழும். திரை இல்லை, மேடை இல்லை. காளி தாரிகனைத் துரத்திக் கொண்டு கூட்டத்தினூடே ஓடுகின்றாள். கூட்டமும் விலகியும் தொடர்ந்தும் ஓடுகின்றது. காளியின் சினம் எல்லை கடக்கும்போது அவள் முடியைக் கழற்றித் தணிவிப்பர். இறுதியில் தாரிகனது தலைக்கோலம் நீக்கப்படுவதே அவன் தலை கொய்யப்பட்டதற்கு அடையாளம். பின்னர்த் தாய்மார் தம் குழந்தைகளைக் காளியின் கையிற் கொடுத்து வாங்குவர். முடியால் உழிந்து தீங்கு நீக்குவதும் உண்டு.

இங்கே எம் அனுபவம் ஒன்றினைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. யாம் முதன்முறை ஒரு காவிற்குச் சென்றபோது எம் குறிப்பேடு முழுவதும் பாடற்சொற்களே நிறைந்தன. எந்தச் சொல் பழந்தமிழ், எந்தச் சொல் வடமொழித் திரிபு, எந்த உருபு எந்நூலிற் பயில்வது என்பனவே எம் கவலையாயின. காளி ஓடியபோது எமக்கு முன்னிருந்த முதியவள் எழுந்து கைகூப்பி ஓடியதும், எழுதுகோலோடு யாம் மட்டும் அமர்ந்திருந்ததும் பின்னரே நினைவிற்கு வந்தன. அக்குறிப்பேட்டைக் கொண்டு ஒருவர் முடியேற்றினை மீண்டும் அமைக்க முயன்றால், அவருக்குக் கிடைப்பது சில அடிகள் சிதைந்த பாடல் தொகுதி ஒன்றே. இலக்கியத் துறையார் சடங்கினை நாடிச் செல்லும்போது நேரும் முதற்பிழை இஃது என்க: சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு செயலை விட்டுவிடுதல்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டில் முடியேற்று யுனெஸ்கோவின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆங்கு அதற்குரிய தலைப்பில் முடியேற்று என்னும் பெயரையடுத்துக் கேரளத்தின் சடங்கு அரங்கு என்றும் ஆடல்நாடகம் என்றும் விளக்கம் தரப்பட்டுள்ளது. காவுகளிலோ இதனை வழிபாடாக நேர்ந்துகொண்டு செய்விப்பர். அஃதாவது தெய்வத்திற்குச் செலுத்தும் கடன். நாடகம் காண்பார்க்காக நிகழ்வது. கடன் காண்பார் ஒருவரும் இல்லாவிடினும் நிகழவேண்டுவது. பட்டியலின் தலைப்பு தவறு என்று யாம் கூறவில்லை. பன்னாட்டார்க்கு விளங்கும் சொல் அதுவே ஆகலாம். ஆயின் அரங்கு, நாடகம் என்னும் சொற்கள் ஒருமுறை அமர்ந்துவிட்டால், களம் எழுதுதலும் அழித்தலும் 'முன் நிகழ்ச்சி' ஆகிவிடும். போர் மட்டும் 'நிகழ்ச்சி' ஆகிவிடும். நகரத்து அரங்கில் ஒரு மணி நேரத்தில் காட்டுவதற்கு அப்பகுப்பு மிகவும் வசதியானது.

இனிச் சிலம்பிற்கு வருவோம். முடியேற்றினைக் கண்ட தமிழறிஞர்க்கு உடனே நினைவிற்கு வருவன இரண்டு. ஒன்று, வழக்குரை காதையில் வாயிலோன் கண்ணகியின் தோற்றத்தைப் பாண்டியனுக்கு உரைக்கும்போது, தாருகன் மார்பைப் பிளந்தவளைச் சுட்டுவது. மற்றொன்று, வேட்டுவ வரியில் எயினர் தம் குலக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்து வழிபடுவது. சேர நாட்டோடு தொடர்புடைய காப்பியம், பெரியாற்றங்கரைச் சடங்கு, தாருகன் என்னும் பெயர், தெய்வக்கோலம் புனையும் வழக்கம். இந்நான்கும் கூடியபின் முடிவு சொல்ல என்ன தடை? தடை உண்டு, அதனைக் காட்டுவதே எம் கடமை.

முதலாவதாக, வேட்டுவ வரியும் வழக்குரை காதையும் ஒன்றல்ல. வேட்டுவ வரியில் கொற்றவைக் கோலம் கொள்பவள் பெண். புலிப்பல் தாலியும் வில்லும் கலைமானும் அவள் கோலத்திற்கு உரியன. ஆங்குத் தெய்வத்தின் வெற்றிக்கு அடையாளமாக முன்னிற்பது எருமைத் தலை. சடங்கிற்குக் காரணம், ஆநிரை கவரும் எயினர் தம் தொழில் தளர்ந்தமையும், தெய்வத்திற்குரிய கடன் செலுத்தாது கிடந்தமையும். முடியேற்றிலோ கோலம் கொள்பவர் ஆடவர், பகை தாரிகன், காலம் அறுவடை முடிவு, இடம் உழவர் சூழ்ந்த காவு. சடங்கிற்குரிய சான்று ஒரு காதையிலும், கதைக்குரிய சான்று மற்றொரு காதையிலும் கிடக்க, இரண்டையும் சேர்த்துத் தைத்து 'முடியேற்று சிலம்பில் உள்ளது' என்பது இளங்கோவடிகள் செய்யாத சேர்க்கையை யாம் செய்வதாகும்.

இரண்டாவதாக, வாயிலோன் கூற்றின் அமைப்பு நோக்கத்தக்கது. அவன் தெய்வ மகளிரை ஒருவர்பின் ஒருவராக அடுக்குகின்றான். எருமைத் தலைமேல் நின்ற கொற்றவை, எழுவருள் இளையவள், இறைவனை ஆடச்செய்த அணங்கு, காட்டினை விரும்பிய காளி, தாருகனைக் கொன்றவள் என்பது அவ்வடுக்கு. காளியைக் குறிக்கும் தொடரும் தாருகனைக் கொன்றவளைக் குறிக்கும் தொடரும் தனித்தனியே நிற்கின்றன. இவை ஒருத்தியின் இரு செயல்களா, இருவேறு தெய்வங்களா என்பதில் கருத்து வேறுபட இடமுண்டு. எண்ணிச் செல்லும் முறை வேறு வேறாகக் கொள்ளவே தூண்டுகின்றது என்பது எம் துணிபு. அங்ஙனமாயின், காளியே தாரிகனைக் கொன்றாள் என்னும் முடியேற்றின் அடிப்படைச் செய்தி காப்பியத்தில் ஐயமின்றி இடம்பெறுகின்றது என்றுகூடக் கூற இயலாது.

மூன்றாவதாக, தாருகன் கதை மலைநாட்டிற்கே உரியதன்று. வடமொழி இலிங்க புராணத்தில், பெண்ணால் அன்றி மாளாத தாருகனைக் கொல்லும்பொருட்டுச் சிவபிரான் காளியைத் தோற்றுவித்ததும், அவள் சினம் ஆறாமை கண்டு தாமே குழந்தையாகக் கிடந்து அழுது அதனைத் தணித்ததும் கூறப்படுகின்றன. புராணம் ஊர்வழக்கிலிருந்து பெற்றதா, ஊர்வழக்கு புராணத்திலிருந்து பெற்றதா என்பது கதையின் ஒற்றுமையைக் கொண்டு மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. தமிழ்க் காப்பியம், வடமொழிப் புராணம், மலையாளச் சடங்கு என்னும் மூன்று இடங்களில் ஒரு கதை காணப்படுகின்றது. அவற்றுள் ஒன்றை வேராகவும் ஏனையவற்றைக் கிளையாகவும் வரைந்துவிடுவது படம் வரைவார்க்கு எளிது. வரலாறு எழுதுவார்க்கு அவ்வெளிமை இல்லை.

ஆயின் ஒப்பீடே பயனற்றது என்று கொள்ளற்க. கோலம் புனைதலால் மனிதர் தெய்வமாதல் என்னும் சடங்குமுறை இந்நிலப்பரப்பில் சிலம்பின் காலத்தே அறியப்பட்டிருந்தது என்பதற்கு வேட்டுவ வரி உறுதியான சான்று. அம்முறை பின்வந்த நூற்றாண்டுகளில் வெவ்வேறு மக்களால், வெவ்வேறு தெய்வங்களுக்காக, வெவ்வேறு தேவைகளை ஒட்டி மீண்டும் மீண்டும் ஆளப்பட்டது. வடகேரளத்துத் தெய்யமும் நடுப்பகுதி முடியேற்றும் அத்தகைய ஆட்சிகள். தென்பகுதி முடிப்புரைகளில் மனிதர் அணிய வேண்டாது முடியே இறையுருவாக வழிபடப்படுதலும் உண்டு. மொழியில் ஓர் இலக்கணக் கூறு நிலைபெற்றிருக்க, அதனால் ஆகும் வாக்கியங்கள் காலந்தோறும் புதியனவாக வருதல் போன்றது இஃது. தொடர்ந்து வருவது முறை, நிகழ்ச்சி அன்று.

பாட்டினைச் சடங்கிற்குச் சான்றாகக் கொள்ளுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அகப்பாடல்களில் வெறியாட்டு வரும் இடங்களை எண்ணிப் பார்க்க. தலைவியின் மெலிவு முருகனால் ஆயிற்று எனத் தாய் மயங்கி வேலனை அழைக்கின்றாள். காரணம் முருகன் அல்லன், தலைவனே என்பது தோழிக்கும் தலைவிக்கும் படிப்பவர்க்கும் தெரியும். எனவே பல பாடல்களில் வெறியாட்டு பொருந்தா மருந்தாகவே காட்டப்படுகின்றது. புலவர்க்கு வேண்டியது அவ்வறியாமையின் நயம். களம் இழைத்த முறையும் பலியிட்ட வரிசையும் அவர்க்கு முதன்மை அல்ல. இவற்றை ஊர்ச்சடங்கின் நேர்ப்பதிவாகக் கொண்டு, இன்றைய வேலன் ஒருவன் செயலோடு அடிக்கு அடி ஒப்பிடுவார், கேலியாகச் சொன்னதை வாக்குமூலமாகக் கொள்கின்றனர்.

முடியேற்றின் வரலாறு அதன் தொன்மையில் மட்டும் இல்லை; அண்மைக் காலத்தில் அதற்கு நேர்ந்தவற்றில் மிகுதியாக உள்ளது என்பது எம் கருத்து. காளியின் முகத்தை நோக்குக. அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்து சிறு சிறு வெண்புள்ளிகளாக முகமெங்கும் இடும் சுட்டி என்னும் ஒப்பனை அம்மைக் கொப்புளத்தைக் குறிப்பதென விளக்குவர். தாரிகன் மனைவி மனோதரி சிவனிடம் பெற்ற வியர்வைத் துளிகளைக் காளிமேல் எறிய, அவள் உடலெங்கும் கொப்புளம் எழுந்தது என்பதும், கண்டாகர்ணன் அவற்றை நக்கி மாற்றினான் என்பதும், உடன்பிறப்பு முறையால் முகத்தை மட்டும் தீண்டானாயினான் என்பதும் கேரளக் கதைமரபு. மனோதரி பின்னர் வசூரிமாலை என்னும் அம்மைத் தெய்வமாகின்றாள். கோடைக்காலத்தே பெரியம்மை பரவிய ஊர்களில் இக்கதை நாடகம் அன்று. வீட்டு வாயிலில் நின்ற அச்சம். அந்நோய் இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு ஒழிந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகினின்றும் ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. நோய் போயிற்று, புள்ளிகள் போகவில்லை. இன்று தம் குழந்தையைக் காளியின் கையிற் கொடுக்கும் இளந்தாய் பெரியம்மையைக் கண்டவள் அல்லள். அவள் அஞ்சுவது எதனை, வேண்டுவது எதனை என்று கேட்டு எழுதிய ஆராய்ச்சியே முடியேற்றின் இக்கால வரலாறு ஆகும். அமெரிக்க ஆய்வாளர் சாரா கால்டுவெல் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்சடங்கின் அச்சத்தையும் பெண்மை பற்றிய கருத்துகளையும் ஆராய்ந்துள்ளார். அவர் முடிபுகள் அனைத்திற்கும் யாம் உடன்படோம். ஆயினும் கண்டவரையும் செய்தவரையும் வினவிய முறை போற்றத்தக்கது.

நிலமும் கோயில் வாயிலும் பற்றிய வரலாறும் இதனோடு சேர்த்து எழுதப்படவேண்டும். ஊழியத்திற்கு ஈடாக நிலம் துய்த்த பழைய ஏற்பாடுகள் தளர்ந்து வந்தன. 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு கேரளத்தில் குத்தகைமுறை சட்டத்தால் நீக்கப்பட்டது. நிலவுடைமையாளரின் செல்வத்தை நம்பி நின்ற கோயிற் கலைகள் வேறு பொருள்வழி நாட வேண்டியவாயின. 1936ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். கொச்சியில் அது பின்னரே நிகழ்ந்தது. முடியேற்று நிகழும் பகுதி இவ்விரு நாடுகளிலும் பரந்து கிடந்தது. எனவே ஒவ்வொரு காவிலும் யார் எந்த எல்லையில் நின்று இதனைக் கண்டனர், அவ்வெல்லை எப்பொழுது விலகிற்று என்பது கேட்டறிய வேண்டிய செய்தி.

யுனெஸ்கோவிற்கு அளிக்கப்பட்ட விளக்கத்தில், முரசிற்குத் தோலும் மூங்கிற்பொருளும் பறையர் தருவர், பாளை தண்டார் கொணர்வர், ஆடை வெளுத்தேடர் வெளுத்தளிப்பர், பந்தத்தைக் குறவர் காப்பர் என்று கூறி, பல சாதியாரும் ஒத்துழைக்கும் இச்சடங்கு ஊர் ஒற்றுமையை வளர்க்கின்றது எனக் காட்டப்பட்டுள்ளது. ஒத்துழைப்பு உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் தோல் தந்தவர் முடி ஏற்றல் ஆகுமோ என்னும் வினாவை விளக்கப் பத்திரம் எழுப்பவில்லை. பணிப்பங்கீடு அன்பினால் ஆயதா, ஆணையினால் ஆயதா, இரண்டும் கலந்ததா என்று ஆராயாமல் ஒற்றுமை என்னும் சொல்லால் மூடிவிடுதல் வரலாறாகாது. மரபுரிமை என்னும் சொல்லிலேயே உரிமை அடங்கியுள்ளது. யாருடைய உரிமை என்பது கேட்கப்பட வேண்டியதே.

ஆய்வாளர் சடங்கினைக் காண்பதோடு நில்லாமல் அதனை மாற்றியும் விடுகின்றனர் என்பதற்கு அதே கேரள நாட்டில் நடந்த செய்தி ஒன்று தெளிவான எடுத்துக்காட்டு. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்சாள் என்னும் ஊரில் நம்பூதிரியர் பன்னிரு நாள் அதிராத்திர அக்கினிசயன வேள்வி செய்தனர். ஒல்லாந்தில் பிறந்த அறிஞர் பிரிட்சு ஸ்டால் முயற்சியால், அழியும் நிலையில் இருந்த அவ்வேள்வி முழுவதும் படமாகவும் ஒலியாகவும் பதியப்பட்டது. 1983ஆம் ஆண்டில் 'அக்கினி' என்னும் பெயரால் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. வேள்வி ஆடுகளைப் பலியிடுவதற்குப் பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தமையால், ஆட்டிற்கு ஈடாக இலையிற் பொதிந்த அரிசிமாவு வைக்கப்பட்டது. பதிவு செய்வதற்காக நடந்த வேள்வி, பதிவு செய்யப்படுவதனாலேயே ஊரறிய, நாடறிய ஆகி, அதனாலேயே ஓர் உறுப்பு மாறிற்று.

சடங்கிற்குப் பொருள் இல்லை, விதி மட்டுமே உண்டு என்பது ஸ்டால் நிறுவ முயன்ற கொள்கை. செய்வார் கருதுவது அடுத்த செயலைப் பிழையின்றிச் செய்தலையே. அச்செயல் எதனைக் குறிக்கின்றது என்பதை அன்று என்பர் அவர். அம்மை ஒழிந்த பின்னும் அம்மைப் புள்ளிகள் முகத்தில் நிற்பதைக் காணும்போது இக்கொள்கை பாதி உண்மை என்று ஒப்ப வேண்டியுள்ளது. பொருள் விலகியும் வடிவு நிற்கின்றது அன்றோ? ஆயின் அவர் முன்னின்று நடத்துவித்த வேள்வியே மறுபாதியை மறுக்கின்றது. ஆட்டின் உயிர் அக்காலத்து மக்களுக்கு ஒரு பொருளை உணர்த்தியதனால் அன்றோ விதி வளைந்தது? பொருள் வேண்டாத விதி எனின் எதிர்ப்பார் சொல்லுக்கு அது செவி சாய்த்திராது. வடிவும் பொருளும் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் செல்கின்றன. எந்தச் சடங்கில், எந்த ஆண்டில், எது முந்திற்று என்று காட்டுவதே வரலாற்றாசிரியன் பணி.

தமிழ்த்துறைகளுக்கு நேரே உரிய களம் ஒன்று ஈழத்தின் கீழ்க்கரையில் உள்ளது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் கதவு திறந்து விழா எடுத்து, கண்ணகி வழக்குரை என்னும் நெடும்பாட்டினைப் படித்து, இறுதியில் குளிர்த்தி செய்வர். மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணித்தலே குளிர்த்தி. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்திற்கு எடுக்கும் கம்மடுவ என்னும் சடங்கும் உண்டு. 1984ஆம் ஆண்டில் கணநாத ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூல், காப்பியம் முதல், சடங்கு அதன் நிழல் என்னும் எளிய வரிசையை ஏற்கவில்லை. அந்நூலின் கருத்துகளோடு மாறுபடுவோரும் அதனைப் படித்தே மாறுபட வேண்டும். யாமோ வழக்குரைப் பாட்டினை இலக்கியமாகப் பதிப்பித்துப் பாடவேறுபாடு காட்டுவதில் காட்டும் ஊக்கத்தை, அது படிக்கப்படும் இரவில் யார் படிக்கின்றார், எவ்விடத்தில் நிறுத்துகின்றார், குளிர்த்தி நீரை யார் யார் பெறுகின்றனர் என்பவற்றில் காட்டினோம் அல்லேம். ஓலைச்சுவடியிற் காணும் பாடவேறுபாடு எழுதினோன் கைப்பிழையாக இருத்தல் கூடும். கோயிலிற் காணும் வேறுபாடு அவ்வூர் வேண்டிச் செய்த திருத்தமாக இருத்தல் கூடும். முன்னதனைக் குறித்து வைக்கும் யாம் பின்னதனைச் சிதைவு என்று ஒதுக்குவது என்ன நெறி?

பட்டமேற்படிப்பு மாணவர் சிலர் எம்மிடம் வந்து, தம் ஊர்ச் சடங்கிற்குச் சங்கச் சான்று தேடித் தருக எனக் கேட்பதுண்டு. அவர்க்கு யாம் கூறுவது, முதலில் உம் பாட்டி காலத்தில் அஃது எங்ஙனம் நடந்தது என்று எழுதி வாரும் என்பதே. கோயில் நிருவாகக் கணக்கு, செலவுச் சீட்டு, விழா அழைப்பிதழ், உரிமை வழக்கின் தீர்ப்பு, முடியைச் செப்பனிட்ட தச்சன் நினைவு ஆகிய இவையெல்லாம் சான்றுகள். இவற்றைக் கொண்டு நூறாண்டு பின்னோக்கி நடந்தவர்க்கே ஆயிரமாண்டு பற்றிப் பேசும் தகுதி சிறிது உண்டாகும். நிகழ்த்துவார் இசைவின்றிப் பதிதல் கூடாது என்பதையும், பதிந்ததன் படி ஒன்று அவர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்பதையும் அவர்க்குச் சொல்லி அனுப்புகின்றோம்.

யாம் மறுமுறை அதே காவிற்குச் சென்றபோது களம் எழுதத் தொடங்கும் பொழுதே போய் அமர்ந்தோம். ஒளிப்படக் கருவி கொணர்ந்தோர் பலர் இருந்தனர். உருவம் நிறைவுற்றதும் அவர்கள் சூழ்ந்து படமெடுத்துக் கொண்டு, கூத்துத் தொடங்கும்வரை இளைப்பாறச் சென்றனர். பாட்டு முடிந்து களம் அழிக்கப்பட்டபோது அவ்விடத்தில் ஊரார் மட்டுமே இருந்தனர். எல்லோருடனும் யாமும் கை நீட்டினோம். பசுமையும் செம்மையும் கலந்து மங்கிய சிறிதளவு பொடியை ஓர் இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தனர். அன்றைய குறிப்பேட்டில் முதற்பக்கத்தில் எழுதியது, அழிப்பதற்கு எவ்வளவு பொழுது ஆயிற்று என்பதும், அப்பொழுது பாடியவர் எத்துணைப் பேர் என்பதுமே.